1064-க்குக் கீழே

இயற்பியல் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். தங்கம் 1064, வெள்ளி 962, ஈயம் 327, வெள்ளீயம் 232, சோடியம் 98, காலியம் 30. எல்லாம் டிகிரி செல்சியஸில். அணு எண்ணுக்கு அடுத்த கட்டத்திலேயே உருகுநிலையையும் போட்டுவிடுவதால், இரண்டும் ஒரே மாதிரி மாறாத எண்கள் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அணு எண் ஒற்றை அணுவுக்கே உண்டு. ஒற்றை அணு எங்கே உருகுவது? பத்து அணு சேர்ந்தால் உருகுமா? நூறு சேர்ந்தால்? பத்தாயிரம்? எத்தனை அணு கூடிய பிறகு 1064 என்ற எண் தங்கத்தோடு வந்து ஒட்டிக்கொள்கிறது? இந்தக் கேள்வியைச் சுற்றி அவ்வப்போது எழுதிவைத்தவை இவை. வரிசை பார்க்கவில்லை.

*

தங்கக் கட்டிக்குள் இருக்கும் ஓர் அணுவைத் தொட்டுக்கொண்டு 12 அணுக்கள் இருக்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு 9 அல்லது 8. விளிம்பில் 7. கூர்மையான மூலையில் 5, 6. நெரிசலான டவுன் பஸ்ஸில் நடுவில் மாட்டிக்கொண்டவர் கம்பியைப் பிடிக்காமலேயே நிற்பார். நாலு பக்கமும் ஆள் தாங்குகிறது. படியில் தொங்குகிறவர் பாடு வேறு. பிரேக் போட்டால் முதலில் ஆடுகிறவர் அவர்தான். சூடு ஏறும்போது மேற்பரப்பு அணுக்களின் நிலைமையும் அதுவே.

ஒரு மில்லிமீட்டர் தங்கக் குண்டில் மேற்பரப்பு அணுக்கள் பத்து லட்சத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அவை என்ன ஆட்டம் போட்டாலும் குண்டு கண்டுகொள்ளாது. குண்டைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் கதை மாறுகிறது. 561 அணுக்களை இருபது முகங்களுள்ள வடிவத்தில் ஒழுங்காக அடுக்கினால் 252 வெளியே நிற்கும். 147-ல் 92. 55-ல் 42. 13 அணுக்களை அடுக்கினால் உள்ளே ஒன்றே ஒன்று. மீதி 12-ம் வெளியே.

லிண்டமன் என்பவர் 1910-ல் ஒரு விதி சொன்னார். அணுக்களின் அதிர்வு, பக்கத்து அணுவுக்கு உள்ள தூரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் திடப்பொருள் நிலைகுலையும் என்பது அதன் சாரம். (இவரே பின்னாளில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகராக இருந்து, பலரின் வெறுப்பையும் சம்பாதித்தவர். அது வேறு கதை.) இந்த விதியை வைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஆட்டக்காரர்களாகிவிட்ட ஒரு துகள் சீக்கிரம் நிலைகுலைவதில் ஆச்சரியம் இல்லை.

*

அதே விஷயத்தை ஆற்றல் கணக்காகவும் போடலாம். மேற்பரப்பு என்றாலே ஒரு செலவு. திடத் தங்கத்துக்கு ஒரு சதுர மீட்டர் மேற்பரப்புக்கு சுமார் 1.4 ஜூல். திரவத் தங்கத்துக்கு சுமார் 1.1 ஜூல். வித்தியாசம் சிறியது. கட்டியாக இருக்கும்வரை அந்த வித்தியாசத்தை யாரும் கேட்பதில்லை. துகளாகும்போது கன அளவு விறுவிறுவென்று குறைகிறது, மேற்பரப்பு அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. ஒரு கட்டத்தில் அந்த 0.3 ஜூல் வித்தியாசமே தீர்ப்பைச் சொல்லும்: திரவமாக இருப்பது மலிவு.

தாளில் போட்டுப் பார்த்தேன். விட்டம் 100 நானோமீட்டர் என்றால் உருகுநிலை ஒன்பது டிகிரி இறங்குகிறது. 10 நானோமீட்டர் என்றால் சுமார் 90 டிகிரி. 5 என்றால் சுமார் 180. விட்டம் பாதியானால் இறக்கம் இரட்டிப்பு. கச்சிதமான தலைகீழ் விகிதம். இது மிக எளிய கணக்கு. துகள் உருண்டையாக இருக்கிறது, ஐந்து நானோமீட்டரிலும் மேற்பரப்பு ஆற்றல் கட்டியில் உள்ள மதிப்பாகவே இருக்கிறது என்றெல்லாம் நம்பிக்கொண்டு போடுவது. உண்மையில் அளந்தால், 5 நானோமீட்டருக்குக் கீழே வளைவு இதைவிடச் செங்குத்தாகச் சரிகிறது.

*

இந்தக் கணக்கை முதலில் உலோகத் துகள்களுக்குப் போட்டுக் காட்டியவர் பாவ்லோவ், 1909-ல். மணி அடித்து நாயை எச்சில் ஊற வைத்தவர் அல்ல, வேறு பாவ்லோவ். அவருக்கு முன்பு கெல்வின் பிரபு 1871-ல், வளைந்த மேற்பரப்புள்ள துளி சமதளத் திரவத்தைவிட எளிதாக ஆவியாகும் என்று காட்டியிருந்தார். கெல்வினின் சொந்தப் பெயர் வில்லியம் தாம்சன். உருகுநிலை இறங்குவதற்கான சமன்பாட்டை இன்று கிப்ஸ்–தாம்சன் சமன்பாடு என்கிறார்கள். 1888-ல் இதே பாதையில் இன்னொரு தாம்சனும் நடந்திருக்கிறார்: எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன். பெயரில் இருப்பது எந்தத் தாம்சன் என்று கேட்டால் புத்தகத்துக்கு ஒரு பதில் கிடைக்கும். எனக்கு இதில் பக்கம் எடுக்க ஆசையில்லை.

*

காகிதத்தில் 1909. சோதனையில் 1954. நாற்பத்தைந்து வருட இடைவெளிக்குக் காரணம், அவ்வளவு சிறிய ஒன்று உருகியதா இல்லையா என்று பார்ப்பதற்கு வழி இல்லாததுதான். துகள் ஒழுகுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. வெப்பமானியை அதில் செருகவும் முடியாது.

வழி எலெக்ட்ரான் சிதறலில் கிடைத்தது. மியெக்கோ தகாகி என்ற ஜப்பானிய இயற்பியலாளர் ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் ஆகியவற்றை மெல்லிய படலங்களாகப் படியவைத்து, சூடாக்கி, எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தினார். படலம் மெல்லியதாக ஆக, உருகுநிலை அட்டவணை எண்ணுக்குக் கீழே இறங்கியது. நானோ என்ற முன்னொட்டை விளம்பரக்காரர்கள் கையில் எடுப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வேலை இது. இந்தத் துறையின் கதையை எழுதுகிறவர்கள் அவரை ஓர் அடிக்குறிப்பாக்கிவிட்டுப் போவது எனக்கு எரிச்சல்.

*

தங்கத்துக்கு இன்றும் எல்லோரும் திரும்பிப் போகிற சோதனை, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஃபிலிப் புஃபா, ழான்-பியர் போரெல் இருவரும் செய்து 1976-ல் வெளியிட்டது. அந்தச் சோதனையில் கண்ணில் படுவது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் 'உருகியது' என்ற தீர்ப்பு எங்கே பிறக்கிறது என்பது அதில் தெரியும்.

வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கி, மெல்லிய கார்பன் படலத்தின்மேல் மிகச் சொற்பமாகப் படியவிட வேண்டும். தங்கம் படலம் முழுக்கப் பரவாது. தனித்தனித் தீவுகளாகக் குவியும். இரண்டு, மூன்று, ஐந்து நானோமீட்டர் விட்டமுள்ள கோடிக்கணக்கான தீவுகள். அவற்றின் ஊடாக எலெக்ட்ரான் கற்றை போனால், மறுபுறத் திரையில் ஒரே மையத்தைச் சுற்றி வளையங்கள் தெரியும். அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன என்பதற்கு அந்த வளையங்களே சாட்சி. படலத்தை மெல்லச் சூடாக்கினால், வளையங்கள் மங்கும். முதலில் மங்குவதற்கு உருகலே தேவையில்லை. அணுக்கள் அதிகமாக அதிர்ந்தாலே வளையம் கொஞ்சம் வெளிறும். அந்த வெளிறலைக் கணக்கிட்டுக் கழித்துவிட வேண்டும். பிறகு ஒரு வெப்பநிலையில் வளையம் சட்டென்று அழிந்து, அந்த இடத்தில் விளிம்பு தெரியாத அகலமான ஒளித் திட்டு மட்டும் மிஞ்சும். வரிசை குலைந்துவிட்டது. திரவம்.

ஆனால் எல்லாத் தீவும் ஒரே அளவில் இருப்பதில்லை. சின்னவை முதலில் போகும், பெரியவை பிறகு. ஆகவே வளையம் ஒரே நொடியில் மறையாமல் ஒரு வெப்பநிலை வரம்பில் கரைகிறது. எந்த அளவுள்ள தீவு எந்த வெப்பத்தில் போனது என்று பிரித்தெடுப்பதில்தான் உழைப்பு முழுவதும். கடைசியில் அவர்களுக்குக் கிடைத்த வரைபடம் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் வருகிறது: வலப்பக்கம் பெரிய துகள்கள் 1064-ஐ ஒட்டிப் படுத்திருக்க, இடப்பக்கம் போகப் போகப் புள்ளிகள் பள்ளத்தில் விழுவதுபோல் இறங்கும். இரண்டு மூன்று நானோமீட்டரில் இறக்கம் பல நூறு டிகிரி.

'நானோ தங்கம் அறை வெப்பநிலையிலேயே உருகிவிடும்' என்று அவ்வப்போது செய்திகளில் அடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்கிறவரிடம் விட்டம் என்ன, எதன் மேல் உட்கார்ந்திருந்தது, எலெக்ட்ரான் கற்றை எவ்வளவு சூடாக்கியது என்ற மூன்றையும் கேட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

*

கோயம்புத்தூரில் தெரிந்த ஒரு நகைப் பட்டறை. ஆச்சாரி அரத்தூளைத் தட்டிக் கூட்டி, வெங்காரம் போட்டு, மூசையில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"தூள் கட்டியைவிடச் சீக்கிரம் உருகுமா, ஆச்சாரி?"

"சூடு சீக்கிரம் புடிக்கும், தம்பி. உருகற சூடு ஒண்ணுதான். ஊதறது அதே ஊத்துதான்."

அவர் சொன்னது சரி. அரத்தூளின் ஒரு துணுக்கு ஐம்பது மைக்ரான் இருக்கும். என் கணக்குப்படி அதற்கு உருகுநிலை இறக்கம் ஒரு டிகிரியில் நூறில் இரண்டு பங்கு. எந்த உலையிலும் தெரியாது. மனிதர் கையால் ராவி, இடித்து, சலித்து எடுக்கிற எந்தத் தூளும் இந்த விளையாட்டுக்குள் வராது. பல ஆயிரம் வருடமாக உலோகத்தை உருக்கி வருகிறோம். உருகுநிலை அளவைப் பொறுத்தது என்று எந்தக் கம்மியருக்கும் படாமல் போனதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. அவர்கள் கையில் இருந்த மிகச் சிறிய துணுக்கும் இதற்கு ஆயிரம், பத்தாயிரம் மடங்கு பெரியதாக இருந்தது.

*

உருகல் எங்கே தொடங்குகிறது? வெளியிலிருந்து. 1985-ல் ஆம்ஸ்டர்டாமில் ஃபிரெங்கன், வான் டெர் வேன் இருவரும் ஒற்றைப் படிக ஈயத்தின் மேற்பரப்பில் அயனிகளை மோதவிட்டுப் பார்த்தார்கள். 327 டிகிரிக்குப் பல டிகிரி முன்பே மேல் அடுக்குகள் வரிசை தப்பிவிட்டன. வெப்பம் 327-ஐ நெருங்க நெருங்க அந்தக் குலைந்த அடுக்கு தடித்துக்கொண்டே போனது. இதில் எனக்குப் பிடித்தது அடுத்து வந்த செய்தி: அதே ஈயப் படிகத்தை வேறு கோணத்தில் வெட்டி, அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கியிருக்கும் முகத்தைப் பார்த்தால், அங்கே இந்த முன்கூட்டிய உருகல் நடப்பதே இல்லை. ஒரே படிகம், ஒரு முகம் நனைந்திருக்கிறது, இன்னொரு முகம் கடைசிவரை உலர்ந்திருக்கிறது.

துகள்களுக்கு இதை வைத்து 'திரவ ஓடு' என்று ஒரு மாதிரி போடுகிறார்கள். நடுவில் திடக் கரு, சுற்றி ஓரிரு அணு அடுக்கு கனத்தில் திரவம். பத்து நானோமீட்டர் துகளில் இந்தப் படம் நன்றாகப் பொருந்துகிறது. இரண்டு நானோமீட்டரில் ஓட்டைக் கழித்தால் கரு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. படமும் அதோடு கைவிட்டுவிடும்.

*

உருகுவதும் உறைவதும் ஒரே பாதையில் போய்வருவதில்லை. டேவிட் டர்ன்புல் 1950-ஐ ஒட்டிய வருடங்களில், அமெரிக்காவில், உலோகங்களைச் சின்னஞ்சிறு துளிகளாகச் சிதறடித்துக் குளிரவைத்தார். துளிகள் உறைநிலையைத் தாண்டி, கெல்வினில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கீழே போகும்வரை திரவமாகவே நின்றன. கட்டியில் ஏதாவது ஓர் அழுக்குத் துணுக்கு இருந்தால் போதும், உறைதல் அதைப் பிடித்துக்கொண்டு தொடங்கி முழுவதும் பரவிவிடும். அதே உலோகத்தை லட்சம் துளிகளாக்கினால், அழுக்கு சில துளிகளோடு ஒதுங்கிவிடும், மற்றவை சுத்தம். தகாகியின் படலங்களிலும் உறைதல் உருகலைவிட வெகு கீழேதான் நடந்தது. ஆகவே யாராவது 'இத்தனை டிகிரியில் நிலை மாறியது' என்றால், ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

*

1986-ல் சுமியோ இஜிமாவும் இச்சிஹாஷியும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வீடியோ கேமராவைப் பொருத்தி, இரண்டு நானோமீட்டர் தங்கத் துகளைப் படம் எடுத்தார்கள். துகள் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் வடிவம் மாறிக்கொண்டிருந்தது. இருபது முகங்கள், பிறகு இரட்டைப் படிகம், பிறகு வெட்டிய மூலைகளுள்ள கனசதுரம், மறுபடி இன்னொன்று. ஒவ்வொரு நிலையிலும் அணு வரிசைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆகவே திரவம் இல்லை. ஒரு வடிவத்தில் நிலைத்தும் நிற்பதில்லை. ஆகவே நமக்குப் பழக்கமான திடமும் இல்லை. கேரளத்தில் பிறந்த புளிக்கல் அஜயன், லாரன்ஸ் மார்க்ஸோடு சேர்ந்து 1988-ல் இதற்கு 'குவாசி மெல்டிங்' என்ற பெயரில் ஒரு விளக்கம் தந்தார்: இந்த அளவில் பல வடிவங்களுக்கு இடையே ஆற்றல் வித்தியாசம் சொற்பம், துகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கலாம். (இஜிமாவை உலகம் அறிந்தது ஐந்து வருடம் கழித்து, கார்பன் நானோகுழாய்களால்.)

திடம், திரவம் என்ற இரண்டு பெட்டிகளோடு இந்த ஊருக்குள் நுழைந்தால் சாமான்கள் பாதி வெளியே கிடக்கும்.

*

வெள்ளீயம் பற்றி மட்டும் தனியாகச் சிறிது. இது எனக்கு இந்த முழு விவகாரத்திலேயே மிகச் சுவையான இடம்.

1996-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி ஆலனின் குழு மெல்லிய சிலிக்கான் நைட்ரைடு படலத்தின்மேல் வெள்ளீயத் தீவுகளைப் படியவைத்து, அதே படலத்தில் பதித்த உலோகப் பட்டையை ஹீட்டராகவும் வெப்பமானியாகவும் வைத்து, கண்ணிமைப்பதற்குள் சூடாக்கி, எவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது என்று அளந்தது. ஆரம் 50-லிருந்து 5 நானோமீட்டர் வரையிலான தீவுகள். எதிர்பார்த்தபடி உருகுநிலை இறங்கியது. கூடவே இன்னொன்றும் இறங்கியது: உருகுவதற்கு ஆகும் உள்ளுறை வெப்பம், கட்டியில் உள்ளதைவிட 70 சதவீதம் வரை குறைந்துவிட்டது. அதாவது மிகச் சின்னத் தீவுகள், உருகுவதற்கு முன்பே பாதி உருகியதுபோல்தான் இருக்கின்றன; மேற்பரப்பு அணுக்கள் ஏற்கெனவே வரிசையை விட்டுவிட்டதால் மீதிக்கு மட்டும் வெப்பம் கொடுத்தால் போதும். என் கணக்கில் உள்ளுறை வெப்பத்தையும் மாறிலி என்றே வைத்திருந்தேன், அந்த நம்பிக்கைக்கு இங்கே ஆட்டம்.

நான்கு வருடம் கழித்து, 2000-ல், ஷ்வார்ட்ஸ்பர்க், ஜாரல்ட் இருவரும் இன்னும் கீழே இறங்கினார்கள். 10 முதல் 30 அணுக்கள் மட்டுமுள்ள வெள்ளீயக் கொத்துகள். விதிப்படி இவை அறை வெப்பநிலையிலேயே ஒழுக வேண்டும். நடந்தது தலைகீழ். கட்டி வெள்ளீயம் உருகும் 232 டிகிரிக்கு மேலே குறைந்தது 50 டிகிரி போன பிறகும் அவை திடமாகவே நின்றன.

ஒரே தனிமம். பத்து நானோமீட்டரில் உருகுநிலை கீழே. ஒரு நானோமீட்டரில் மேலே. கட்டியிலிருந்து தொடங்கி ஒரே திசையில் சின்னதாக்கிக்கொண்டே போனால், வளைவு முதலில் இறங்கி, எங்கோ திரும்பி, அட்டவணை எண்ணையே தாண்டி ஏறிவிடுகிறது. பாவ்லோவின் கணக்கு அந்தத் திருப்பத்தைச் சொல்லவே சொல்லாது. ஏனென்றால் அது கட்டியையே சின்னதாக்கிப் பார்க்கிற கணக்கு. இருபது அணு சேர்ந்த வெள்ளீயம், சின்ன அளவிலான கட்டி கிடையாது. அதன் அணுக்கள் வேறு விதமாக அடுக்கி, வேறு விதமாகப் பிணைந்திருக்கின்றன. அதை வேறு பொருள் என்றே எடுத்துக்கொள்வது உத்தமம்.

*

காலியமும் இந்தக் கட்சிதான். 29.8 டிகிரியில் உருகும். மே மாதச் சென்னையில் மேசைமேல் வைத்தால் குளம் கட்டிவிடும். 2003-ல் ஜாரல்டின் குழு, இண்டியானா பல்கலைக்கழகத்தில், 39, 40 அணுக்களுள்ள காலிய அயனிக் கொத்துகளைச் சூடாக்கியது. உருகலின் அடையாளம் சுமார் 550 கெல்வினில், அதாவது 277 டிகிரியில் வந்தது. 17 அணுக்களுள்ள கொத்தில் உருகலுக்கான அடையாளமே கிடைக்கவில்லை.

ஏன் என்று கணக்கிட்டுச் சொன்னவர்களில் புனே பல்கலைக்கழகத்துக் குழு முக்கியமானது: சாக்கோ, கவிதா ஜோஷி, கான்ஹரே ஆகியோர், பிரான்சிலிருந்து பிளண்டெலுடன் சேர்ந்து, 2004-ல். எலெக்ட்ரான்களை குவாண்டம் முறையில் கணக்கிட்டபடியே அணுக்களைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கட்டிக் காலியத்தில் அணுக்கள் ஜோடி ஜோடியாக நெருங்கி நிற்கும். ஜோடிக்குள் பிணைப்பு வலு, ஜோடிகளுக்கு இடையே தளர்ச்சி. அதனால்தான் முப்பது டிகிரியிலேயே அது இளகுகிறது. கொத்தில் அந்த ஜோடிக் குடும்பம் கலைந்து, அணுக்கள் ஒன்றோடொன்று வலுவான சகப்பிணைப்புகளால் வலையாகக் கட்டிக்கொள்கின்றன. அதைக் குலைக்க அதிக வெப்பம் வேண்டும்.

*

சோடியம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஹெல்முட் ஹாபர்லாண்டின் குழு அணுக்களை எண்ணியே வேலை செய்தது. மின்னூட்டம் ஏற்றிய கொத்துகளை ஹீலிய வாயுவில் வைத்து ஒரு வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, நிறைவாரியாகப் பிரித்து, சரியாக 139 அணுக்கள் உள்ளதை மட்டும் எடுத்து, அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். கொத்து சில அணுக்களை உதிர்க்கும். எத்தனை உதிர்ந்தன என்பதை வைத்து, உள்ளே எவ்வளவு ஆற்றல் இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். 1997-ல் வந்த விடை: 139 சோடியம் அணுக்கள் 267 கெல்வினில் உருகும். பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. கட்டியைவிட 104 டிகிரி குறைவு.

அடுத்த வருடம் 70-லிருந்து 200 அணு வரை அளந்தபோது, வழவழப்பான வளைவு எதுவும் வரவில்லை. உருகுநிலை மேலும் கீழுமாகக் குதித்தது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கும் எண்களோடும் அந்த மேடு பள்ளம் சரியாகப் பொருந்தவில்லை, எலெக்ட்ரான் கூடுகள் நிறையும் எண்களோடும் பொருந்தவில்லை.

2001-ல் 147 அணுக் கொத்தில் அவர்கள் சொன்னது இன்னும் வினோதம். உருகும் கட்டத்தில் ஆற்றலைச் சேர்க்கச் சேர்க்க, கொத்தின் வெப்பநிலை குறைகிறது. பெரிய பொருளில் பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர் என்று இரண்டும் சேர்ந்து நிற்கலாம். அதனால் உருகும்போது வெப்பநிலை மாறாமல் நிற்கும். 147 அணுக்களில் பாதி பாதி என்று பிரிந்தால், நடுவில் உருவாகும் எல்லைக்கே பெரிய செலவு. கொத்து பிரிந்து நிற்பதைத் தவிர்த்து, முழுத் திடமாக அல்லது முழுத் திரவமாக இருக்கப் பார்க்கிறது. திடத்திலிருந்து திரவத்துக்குத் தாவுகையில் அதிர்விலிருந்த ஆற்றலில் ஒரு பகுதி பிணைப்புகளைக் குலைப்பதில் போய்விடுகிறது. ஆகவே சூடு தணிகிறது. வாசித்துவிட்டு இரண்டு முறை மூடிவைத்தேன்.

*

துகளைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். இதுவரை எழுதியதெல்லாம் வெளியே வெற்றிடம் என்று வைத்துக்கொண்டு. 1986-ல் டேகஸ், கிளைட்டர், பெரெப்பெஸ்கோ மூவரும் வெள்ளிப் படிகங்களுக்குத் தங்க முலாம் பூசிச் சூடாக்கினார்கள். வெள்ளி தன் உருகுநிலையைத் தாண்டி 24 டிகிரி மேலே ஒரு நிமிடம் திடமாகவே இருந்தது. தங்கத்தின் அணு இடைவெளி வெள்ளியோடு கிட்டத்தட்ட ஒன்று. வெளி அணுக்களுக்குப் பிடித்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது.

ஈயத்தை அலுமினியத்துக்குள் நானோ துகள்களாகப் புதைப்பது இதன் நல்ல உதாரணம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கமானியோ சட்டோபாத்யாயாவும் கோஸ்வாமியும் இந்த வகையில் நெடுங்காலம் வேலை செய்து, 1997-ல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் சீனாவின் ஷென்யாங்கில் ஷெங், லூ குழுவினர் காட்டியது இது: உருகிய கலவையைச் சுழலும் சக்கரத்தில் ஊற்றிச் சட்டென்று குளிரவைத்தால், ஈயத் துகள்கள் அலுமினியத்தின் அணு வரிசையோடு ஒத்து உட்காருகின்றன, அவை 327-க்கு மேலே போய்த்தான் உருகுகின்றன. இரண்டு உலோகத்தின் தூளையும் இரும்புக் குண்டுகளோடு அரைத்துக் கலந்தால், ஈயத் துகள் ஏனோதானோவென்று மாட்டிக்கொள்கிறது. அது 327-க்குக் கீழேயே உருகிவிடுகிறது. அதே ஈயம், அதே அலுமினியம், கிட்டத்தட்ட அதே அளவு. செய்முறை மாறியதும் குறி தலைகீழ்.

*

வினையூக்கிக்காரர்களுக்கு இந்த இறக்கம் தலைவலி. மசதாகே ஹருதா 1987-ல், சில நானோமீட்டர் தங்கத் துகள்கள் பூஜ்யத்துக்கு வெகு கீழேயே கார்பன் மோனாக்சைடை எரித்துவிடும் என்று காட்டினார். அதுவரை எதற்கும் அசையாத உலோகம் என்று பெயர் வாங்கியிருந்த தங்கம்! ஆனால் சூடான இடத்தில் வைத்தால் துகள்கள் நகர்ந்து கூடிப் பெரிதாகின்றன, வேலை நின்றுபோகிறது. உருகுநிலையைக் கெல்வினில் எடுத்துப் பாதியாக்கினால், அணுக்கள் தாராளமாக நடமாடத் தொடங்கும் வெப்பம் தோராயமாகக் கிடைக்கும் என்று ஒரு பழைய விதி உண்டு. தங்கத்துக்கு அது 395 டிகிரி. பிளாட்டினத்துக்கு 750-ஐ ஒட்டி. இதுவும் கட்டிக்கான கணக்கு. துகளில் இன்னும் முன்பே. வண்டிகளின் புகைக்குழாயில் பிளாட்டினமும் பல்லேடியமும் உட்கார்ந்திருக்க, தங்கம் வெளியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

*

மின்னணுத் துறைக்கு அதே இறக்கம் வரவு. ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, 183 டிகிரியில் உருகிய பழைய ஈய–வெள்ளீய சால்டருக்குப் பதில் 217-ஐ ஒட்டி உருகும் கலவைகள் பரவலாயின. மின்கார் இன்வெர்ட்டர்களில் வருகிற சிலிக்கான் கார்பைடு சிப்போ 200-ஐத் தாண்டியும் வேலை செய்யும். சிப் தாங்குகிறது, ஒட்டு இளகுகிறது. அங்கே நானோ வெள்ளிப் பேஸ்ட் வருகிறது. 250 டிகிரிவாக்கில் சூடாக்கினால், சில வகைகளில் கொஞ்சம் அழுத்தமும் கொடுத்தால், துகள்கள் ஒன்றோடொன்று கழுத்துக் கட்டி இணைகின்றன. இதை உருகுதல் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். துகள் திரவமாவதில்லை, மேற்பரப்பு அணுக்கள் ஊர்ந்து போய் இடைவெளிகளை நிரப்புகின்றன. கம்மாளர் மொழியில் பற்ற வைப்பது, உருக்குவது என்ற இரண்டும் வேறு வேறு வேலைகள். அந்த வித்தியாசத்தை இங்கேயும் விடக் கூடாது.

இணைந்து முடித்ததும் அது நானோ கிடையாது. நுண்ணிய துளைகளுள்ள வெள்ளிப் பட்டை. இனி அதை இளக்க 962 வேண்டும். 250-ல் ஒட்டி, 900-லும் விடாத ஒட்டு சாதாரண சால்டரால் வராது. சால்டர் எந்தச் சூட்டில் ஒட்டியதோ அந்தச் சூட்டிலேயே திரும்பவும் கழன்றுவிடும்.

சிக்கல் டப்பாவுக்குள் இருக்கிறது. அடுப்பில் இணையத் துடிக்கும் துகள், டப்பாவிலும் அதே துடிப்போடுதான் இருக்கிறது. அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒரு கரிமப் பூச்சு; சூடாக்கும்போது அது ஆவியாகவோ எரிந்தோ போக வேண்டும், அதற்கு முன்னால் போகக் கூடாது. பூச்சு கனத்தால் ஒட்டும் வெப்பநிலை ஏறும், மெலிந்தால் பேஸ்ட் டப்பாவிலேயே கட்டி தட்டும். அதனால் பல பேஸ்ட்களைக் குளிர்பெட்டியில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள், குளிரிலேயேதான் வைத்திருக்கிறார்கள். வெளியே எடுத்த பிறகு எத்தனை மணி நேரத்துக்குள் தடவி முடிக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும்.